எறும்புக்கு வீடு கட்டும் பெரணி

கோஸ்டா ரிகாவின் மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிப் படர்கிறது உருளைக்கிழங்குப் பெரணி. கொடித்தண்டில் ஆங்காங்கே குட்டி உருளைக்கிழங்குகள் காய்த்ததுபோல் உருண்டைகள். அவை உருமாறிய தண்டுக் கிளைகள். இளசில் உள்ளே நீர்ச்சத்து மிக்க சதை நிறைந்திருக்கும். முற்ற முற்ற அது வற்றிப்போக, சுவர் மட்டும் நின்று அறை உருவாகிவிடுகிறது. அடிப்பக்கத் திறப்புதான் வாசல். எறும்புகள் குடியேறிக் குஞ்சு வளர்க்கின்றன. கழிவையும் குப்பையையும் அங்கேயே சேர்க்கின்றன. பெரணியோ அறைக்குள்ளேயே வேர்விட்டு அந்த உரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணைத் தொடாமல் வாழும் செடிக்கு அதுதான் பெரிய ஆதாரம். இதில் என்னை அசத்துவது ஒன்று: எறும்பு குடைந்து இந்த வீடு உருவாவதில்லை. விருந்தாளி வருமுன்பே செடி அறையைத் தயார் செய்துவிடுகிறது. தங்க இடம் தந்து உணவு பெறும் இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் லாபமே.