வெட்டுமுகம் பார்த்துப் பெயர் சொல்லும் வித்தை

தேசிய நெடுஞ்சாலை 66 அகலமானபோது கேரளத்தின் கழக்கூட்டத்தில் சாலையோர மரங்கள் போயின. டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தைச் சுற்றி வீடுகள் பெருகப் பெருக, தோட்டத்து மரங்களும் போகின்றன. போதாக்குறைக்கு, பட்டை ஓரத்தை அப்படியே விட்டு அறுத்த மேசைப்பலகை மேல் இப்போது மோகம். அதனால் மில்லுக்கு வரும் பச்சைத் தடியைக் காட்டி "இது என்ன மரம்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பதிலும் கையோடு கிடைக்கிறது: வெட்டுமுகத்தை ஒரு பார்வை, மோந்து ஒரு தலையசைப்பு, பெயர். "பழகின ஆசாரிக்கு லென்ஸ் எதுக்கு?" என்று இதற்கு வக்காலத்து வேறு.

பச்சைத் தடியில் மட்டுமே கிடைக்கும் சாட்சிகள் உண்டு, மறுக்கவில்லை. வேங்கைப் பட்டையைக் கொத்தினால் சிவப்பாகக் கசியும். பலாவும் ஆஞ்சிலியும் பால் வடிக்கும். சேரு மரத்தின் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். அதை முன்கூட்டியே கண்டுகொள்கிற ஆசாரியை நானும் கும்பிடுவேன்.

என் வழக்கு நிறத்தோடு. அறுத்த அன்று தேக்கின் வைரம், அதாவது உள்மரம், மங்கிய பச்சை கலந்து கிடக்கும். பொன்னிறம் பிறகுதான் வரும். மகாகனி வெளிறிய ரோஜா நிறத்தில் தொடங்கிச் சிவக்கும். பலா பளீர் மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும். நம் கண்ணுக்குப் பழக்கமானதோ காய்ந்து, இழைத்து, பாலிஷ் ஏறிய நிறம். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஈரம் சொட்டும் தடிக்குப் பெயர் சூட்டுகிறார்கள். அதிலும் தோட்டத்து மரம் பெரும்பாலும் இளசு. வைரம் நடுவில் கொஞ்சம், மற்றதெல்லாம் வெள்ளை. வெள்ளையில் மாவுக்கும் ரப்பருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டையும் மழையில் போட்டுவைத்தால் பூஞ்சை ஏறி நீலம் பாயும். அந்த நீலத்தையே ரேகை என்று மெச்சி, ஏதோ அபூர்வ மரம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு எப்படி அத்தனை பதில்கள் சரியாகிவிடுகின்றன? ஆசாரி கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எந்த வளவில் நின்றது, காய் எப்படி இருந்தது, இலை எப்போது உதிர்ந்தது. பாதி விடையை மரத்துக்காரரே சொல்லிவிடுகிறார். இந்த வட்டாரத்தில் இன்னின்ன மரம்தான் நிற்கும் என்ற அறிவு மீதியைச் சொல்கிறது. பெருமை மட்டும் வெட்டுமுகத்துக்குப் போகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத தடியைக் கொடுத்துப் பாருங்கள், வித்தை அங்கேயே தடுமாறும். இதை மரமறிவு என்றால் கிளி ஜோசியத்தையும் அறிவியல் என்று சொல்லிவிடலாம்.

லென்ஸ் இதைவிட நேர்மையானது. தடியின் முனையைக் கூர்மையான பிளேடால் சீவி, நனைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், தேக்கில் பெரிய துளைகள் வளையத்தின் தொடக்கத்தில் வரிசையாக நிற்கும். மகாகனியில் துளைகள் சிதறிக் கிடக்கும், வளைய எல்லையில் மெல்லிய வெளிர்கோடு ஓடும். தூங்குமூஞ்சியின் துளைகளைச் சுற்றி வெளிர்நிற உறை தெரியும். நிறம் மாறினாலும் இவை மாறா. ஆனால் லென்ஸும் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும். பலாவையும் ஆஞ்சிலியையும் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். மேற்கொண்டு போக நுண்ணோக்கி வேண்டும். சர்வதேச மர உடற்கூறியலாளர்கள் 1989-இல் அகன்ற இலை மரங்களுக்கு வெளியிட்ட பட்டியலில் 163 அடையாளக் கூறுகள் இருக்கின்றன. துண்டை எடுத்துக்கொண்டு பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகலாம்தான். ஒரு மேசைக்காக யார் போவார்கள்?

அந்த அலைச்சலே தேவையில்லை. ஆஞ்சிலி இலையின் அடிப்புறத்தில் ரோமம் உண்டு, பலா இலை வழவழப்பு. மரம் சாய்ந்த அன்று கழித்த கொம்புகள் அங்கேயே கிடக்கின்றன. இலையும் காயும் உள்ள ஒரு கொம்பைத் தடியோடு வண்டியில் ஏற்றச் சொன்னால் வெட்டுகிறவர் முகம் சுளிக்கப்போவதில்லை. அதைச் செய்யாமல், கொம்பெல்லாம் அடுப்புக்குப் போனபிறகு, மில் வாசலில் நின்று வெட்டுமுகத்தின் நிறத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.