மிரியாமும் மரியாளும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கத்தோலிக்க இல்லங்களில் மரியாள் என்றும், கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களில் மரியம் என்றும் வழங்குவன வெவ்வேறு பெயர்கள் அல்ல. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைத் தமிழிற் கற்போர் காணும் மிரியாம் என்பதும் அதுவே. எபிரேயப் பெண்பெயர் ஒன்று பல வழிகளால் வந்து மூன்று உருவம் பெற்றது. மரியா என்னும் உருவம், 1624இல் கோணேசர் கோயிற் கற்களாற் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயரோடு தொடர்புடையது. அக்கசப்பு நம்மவர்க்கு இயல்பே. எனினும் பெயரின் வரலாறு அக்கப்பல்களினும் மிகப் பழையது.

இப்பெயர் பூண்டோருள் முதல்வி மோசேயின் தமக்கை. அடிமைத்தளை நீங்கிய இசுரவேலர் கடலைக் கடந்தபொழுது, கைப்பறை ஏந்திப் பெண்டிரை முன்னடத்தி, பகைவரின் குதிரைப்படை அமிழ்ந்ததைப் பாடியவள் அவள் என யாத்திராகமத்தின் 15ஆம் அதிகாரம் கூறும். எபிரேய இலக்கியத்தின் மிகப் பழைய பாட்டுக்களுள் அஃதொன்று என்பர். நூற்றாண்டுகள் பல கழிந்தபின், லூக்காவின் சுவிசேஷத்தில் இயேசுவின் தாய் பாடுகிறாள். ஆட்சியாளர் அரியணை இழப்பதும் எளியோர் உயர்வதுமே அவள் பாட்டின் பொருள். விடுதலை பாடிய இருவர்க்கும் பெயர் ஒன்றே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் தமக்கையும் மரியம். இலத்தீனில் இருவரும் மரியா. தமிழிலோ முன்னவள் மிரியாம், பின்னவள் மரியாள். பழைய ஏற்பாட்டை எபிரேயத்தினின்றும் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தினின்றும் பெயர்த்தமையால் நேர்ந்த பிளவு இது. மூலத்தின் ஒலியைப் பேணியது குற்றமன்று. ஆயினும் முதற்பாட்டின் எதிரொலியை இரண்டாம் பாட்டிற் கேட்கும் வாய்ப்பு நமக்கு அடைபட்டுப் போயிற்று. ஓர் அடிக்குறிப்பேனும் இட்டிருக்கலாம்.

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மரியம் பெயராலேயே அமைந்தது. 98 வசனங்கள் கொண்டது. அதில் ஊரார் அவளை ஆரோனின் சகோதரி என விளிக்கின்றனர். உரையாசிரியர் இவ்விளிக்குப் பலவாறு விளக்கம் கூறுவர். எவ்வாறாயினும், அதைக் கேட்பவனுக்குப் பழைய மிரியாமின் நினைவு எழுதல் கூடும்.

பெயரின் பொருள்தான் இன்னும் தெளிவுறவில்லை. கசப்பு என்பார் சிலர். கலகம் என்பார் சிலர். எகிப்திய மொழியில் அன்பிற்குரியவள் என்பார் வேறு சிலர். கடலின் துளி என்று ஜெரோம் முனிவர் இலத்தீனில் எழுதியதை ஏடெழுதுவோர் கடலின் விண்மீன் எனத் திரித்தனர் என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பிழையே மாலுமிகளின் வழிபாட்டுப் பெயராகி நிலைத்தது! மாரி என்ற மழைச்சொல்லோடு இதனை முடிச்சிடுவோர் நம்மிடையே உளர். அது வெறும் ஒலியொப்புமை.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் யோசேப்பு வளன் ஆனார். யோவான் கருணையன் ஆனார். இரண்டும் எபிரேயப் பொருளை அறிந்து ஆக்கிய அழகிய தமிழ்ப் பெயர்கள். அவற்றைப்போல் வழக்கூன்றிய பொருட்பெயர் மரியாளுக்கு வாய்க்கவில்லை. பொருளே ஐயத்துக்கிடமாயின் பெயர்ப்பது எங்ஙனம்? முனிவர் வேறு வழி கண்டார். கோணாங்குப்பத்தில் அவர் எழுப்பிய கோயிலில் அவளுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். அயலிலுள்ள விருத்தாசலத்திற் சிவபிரானோடு எழுந்தருளியிருக்கும் அம்மைக்கும் அதுவே திருப்பெயர்.