மாணவர் பயிற்சி எழுத்து: கண்ணும் கருத்தும்

மாணவர் எழுதும் சிறு பயிற்சிகளை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் கொண்டுவருவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தி, மதிப்பெண் இட்டு, மூடிவைத்துவிடும் ஏடுகள்தாமே அவை? ஆயினும் மலேசியத் தமிழ் எழுத்தின் வரலாற்றை அறிந்தோர் அவற்றை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள். இந்நாட்டு எழுத்தாளர் பலர் பயிற்சி வாயிலாகவே எழுத்துலகிற்குள் புகுந்தனர்.

1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழ், 1950, 1951 ஆம் ஆண்டுகளில் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்திற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதற்குப் பொறுப்பேற்றனர். நாளிதழ் சென்ற இடமெல்லாம் வகுப்பறையாயிற்று. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு', 'மாணவர் மணிமன்றம்' வாயிலாக அதே பத்தாண்டில் இளைஞர்க்கு இடமளித்தது. 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பணியிலிருந்த கு. அழகிரிசாமியும் இளம் எழுத்தாளரை நெறிப்படுத்தினார். எழுத்து பிறவிப் பேறு மட்டுமன்று, பழக்கத்தாலும் கைவருவது என்பதை இம்முயற்சிகள் உணர்த்தின.

எதைப் பழக்குவது என்பதே இன்றைய வினா. 'சந்தை', 'மழை நாள்', 'பேருந்துப் பயணம்' போன்ற அன்றாடப் பொருள்களும், 'சிக்கனம்', 'பொறாமை', 'நன்றி மறத்தல்' போன்ற மனித இயல்புகளும் பயிற்சிக்குத் தலைப்புகளாகின்றன. தலைப்பில் குறையில்லை. குறை, எழுதும் முறையில் இருக்கிறது. முதலில் ஒரு பழமொழி, பிறகு மனனம் செய்த மரபுத்தொடர் இரண்டு, முடிவில் ஓர் அறவுரை என்ற அச்சில் வார்த்தெடுத்த கட்டுரைகளே பெருகக் காண்கிறோம். தேர்வு அச்சமே இதற்குக் காரணம் என்பர். ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போனதும் அச்சும் உடைய வேண்டுமன்றோ? பழக்கம் தேர்வைவிட நெடிய ஆயுள் உடையது போலும்.

பாயான் பாருவை எடுத்துக்கொள்வோம். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தை ஒட்டிப் பினாங்குத் தீவில் வளர்ந்த புதுநகர் அது. அங்குள்ள பிள்ளை நாளும் காண்பவை அடுக்குமாடி வீடுகள், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள், இரவு வேலை முடித்துக் காலையில் உறங்கச் செல்லும் பெற்றோர், பல மொழிகள் கலந்தொலிக்கும் சந்தை ஆகியவை. 'காலைக் காட்சி' என்று தலைப்புத் தந்தால் அதே பிள்ளை சலசலக்கும் ஓடையையும், ஏர் பூட்டிச் செல்லும் உழவனையும் எழுதுகிறது என்றால், அது பொய் சொல்லவில்லை. தன் வாழ்வு தமிழில் எழுதத் தக்கதன்று என்று கற்றுக்கொண்டுவிட்டது. இதுவே கவலைக்குரியது.

'சிக்கனம்' பற்றி எழுதுகையில், "சிக்கனம் சீரளிக்கும்" எனத் தொடங்குவது ஒரு முறை. மற்றொரு முறையும் உண்டு. மீன் கடையில் ஒரு தாய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். மலாய் மொழியில் விலை கேட்கிறார். 'வா, போகலாம்' என்று மகளிடம் தமிழில் சொல்லி இரண்டடி நகர்கிறார். ஆயினும் கடைக்காரர் திரும்ப அழைப்பாரோ என்று அவருடைய செவி அங்கேயே நிற்கிறது. சிக்கனம் என்ற சொல் இதில் இல்லை. பொருள் முழுதும் இருக்கிறது.

இம்முறை புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காக வகுத்தது. உள்ளத்து உணர்வு உடம்பில் புலப்படுவதே அங்கு இலக்கணப் பொருள். திருக்குறள் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பை அரசியலுக்கும் காதலுக்குமாக இரண்டு அதிகாரங்களுக்குத் தந்தது. கிரேக்க நாட்டில் அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் முப்பது மனித இயல்புகளை எழுதியபோது, முதலில் இலக்கணம் கூறி, உடனே அவ்வியல்புடையான் செய்யும் செயல்களை அடுக்கிக் காட்டினார். நம் காலத்துக்கு அணித்தாக, வ. ரா. தம் 'நடைச்சித்திர'ங்களில் அன்றாடம் எதிர்ப்படும் மாந்தரைத் தீட்டினார். அறவுரைக் கட்டுரையே தமிழ் மரபு என்பார் இவற்றை மறந்தவராவர்.

எனினும் கண்டதையெல்லாம் எழுதிவிட்டால் போதும் என்று கொள்வதும் தவறு. தக்காளி, வெங்காயம், கீரை என்று அடுக்குவது கடைச்சிட்டை, கட்டுரையன்று. நூறு சொல்லுக்குள் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் பயனே, எதை விடுவது என்று மாணவனை எண்ணவைப்பதுதான். இன்னொரு தீங்கும் உண்டு. மனித இயல்பை எழுதப் புகுந்த இளைஞர், அண்டை வீட்டாரை ஏளனம் செய்வதையே கூர்மை என எண்ணிவிடுவர். பிறர் குறையைக் கண்ட கண், அக்குறைக்குப் பின்னுள்ள களைப்பையும் வறுமையையும் காணாவிடில் அது அரைப்பார்வையே. அறவுரையை நீக்கச் சொல்வது அறத்தை நீக்கச் சொல்வதாகாது. அறம் பார்வையில் கலந்திருக்க வேண்டும். இறுதி வரியில் ஒட்டப்படலாகாது.

பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தோன்றியது 1816இல். இரண்டு நூற்றாண்டு கடந்த தமிழ்க் கல்வி இது. விழா மேடைக்கும் வாழ்த்துரைக்கும் தமிழ். சந்தைக்கும் ஆலைக்கும் நட்புக்கும் பிற மொழி என்று பிள்ளைகள் பிரித்துக்கொள்வாராயின், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத ஏடுகளாலும் மொழி வாழாது. ஆகவே ஆசிரியர் சிவப்பு மையைத் தொடுமுன், "இதை நீ கண்டாயா?" என்று மாணவனை வினவுதல் நன்று. ஒற்றுப்பிழையைப் பிறகும் திருத்திக்கொள்ளலாம்.