இந்தியா இல்லாத ‘இந்திய நடனமாது’

செருமானிய ஓவியர் ஹன்னா ஹோஹ் (1889–1978) 1930ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘இந்திய நடனமாது’ என்னும் ஒட்டோவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓரடி உயரமும் இல்லாத சிறு படம். இந்தியவியல் மாணவர்க்கு இதனைக் காட்டும்போதெல்லாம் எழும் முதல் வினா, “இதில் இந்தியா எங்கே?” என்பதே. அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

படத்திலுள்ள முகம் நடிகை ஃபால்கொனெட்டியுடையது. டிரேயரின் 1928ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அவர் ஜோன் ஆஃப் ஆர்க்காகத் தோன்றிய கோலம். அம்முகத்தின் ஒரு பகுதியை மறைத்து ஒட்டப்பட்டிருப்பது கேமரூன் நாட்டு மரமுகமூடியொன்றின் நிழற்படம். தலையில் மகுடம், அதில் கத்தி, கரண்டி வடிவங்கள். இந்தியா தலைப்பில் மட்டுமே உண்டு.

மகுடமே இப்படைப்பின் வலிமை. 1916 முதல் 1926 வரை உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பெண்களுக்கான இதழ்களுக்குப் பின்னல், பூத்தையல் மாதிரிகள் வரைந்து கொடுத்தவர் ஹோஹ். பெண்ணைத் தெய்வமாக உயர்த்தி அடுக்களையையே அவள் முடியில் சூட்டும் வழக்கத்தை அவர் உள்ளிருந்து கண்டவர். 1920இல் பெர்லின் டாடா கண்காட்சியில் வைத்த பெரும் ஒட்டோவியத்தின் தலைப்பிலும் சமையலறைக் கத்தி இடம்பெற்றது. அங்கே அக்கத்தி அரசியல் தலைவர்களின் தலைகளை வெட்டியது. செய்தித்தாள் வாசகர் அம்முகங்களை முழுமையாக அறிந்திருந்தனர். ஆதலின் வெட்டு உறைத்தது.

முகமூடியின் நிலை அதுவன்று. இவ்வரிசைக்கு ஹோஹ் இட்ட பொதுப்பெயர் ‘ஓர் இனவியல் அருங்காட்சியகத்திலிருந்து’ என்பதாகும். அருங்காட்சியகத்தையே அவர் எள்ளுகிறார் என வாதிடுவோர் உளர்; ஓரளவு உடன்படலாம். எனினும், கேமரூன் 1884 முதல் முதல் உலகப்போர் வரை செருமானியக் குடியேற்ற நாடாக இருந்தது. அந்நாட்டுப் பொருள்கள் செருமானிய அருங்காட்சியகங்களில் பெருகியமைக்கு அவ்வாட்சியே வழி. ஹோஹ் கத்தரிக்கோலை எடுக்குமுன்பே முகமூடி தன் மண்ணிலிருந்து வெட்டப்பட்டுவிட்டது. நடிகையின் பெயரை நாம் அறிவோம். மரத்தைச் செதுக்கியவர் பெயரைப் படம் கேட்கவுமில்லை.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. கேமரூன் முகமூடிகள் பல, ஆடையும் இசையும் கூடிய ஆட்டத்தில் அணியப்படுவன. அவ்வாறாயின், இப்படத்தில் நடனத்திற்கு உரியது அம்முகமூடிதான். நடனமாது என்னும் பெயரோ நடிகைக்குப் போயிற்று. அடைமொழியோ இந்தியாவிடம் இரவல் பெறப்பட்டது. இப்படத்தை வகுப்பில் வைக்கும் ஆசிரியர், ஆட்டக்களத்தில் அத்தகைய முகமூடி அணிந்தாடும் காட்சியொன்றையும் உடன் காட்டுதல் நன்று.