பாடத்துறைசார் வாசிப்பும் எழுத்தும்: தருவைகுளத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

வாசிக்கக் கற்பிப்பது தமிழாசிரியரின் பணி. பிற பாட ஆசிரியர்கள் பொருளை விளக்கினால் போதும் என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்பினரின் அடிப்படைத் திறனை நோக்கமாகக் கொண்டது. அத்திறன் பெற்றோர் உயர்வகுப்பில் அறிவியலையும் வரலாற்றையும் தாமே படித்துணர்வர் எனக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஷானகன் கருத்தும் அதன் எல்லையும்

திமோத்தி ஷானகன், சிந்தியா ஷானகன் ஆகியோர் 2008இல் 'ஹார்வர்டு எஜுகேஷனல் ரிவியூ' இதழில் எழுதிய கட்டுரை, அவ்வாறு கொள்ள இயலாது என்கிறது. வரலாற்றாசிரியர் எழுதியவர் யார் என்பதை முதன்மையாக நோக்குகிறார். வேதியியலார் எழுத்தைப் படமாகவும் வாய்பாடாகவும் மாற்றிக் காண்கிறார். கணிதவியலார் ஒவ்வொரு சொல்லையும் மீள மீளப் படிக்கிறார். எனவே அடிப்படை வாசிப்பு தானாகவே துறைசார் வாசிப்பாக வளர்ந்துவிடுவதில்லை.

இக்கருத்து ஏற்புடையதே. எனினும் ஆங்கிலச் சூழலில் பிறந்தது. அங்கே கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து வந்த கலைச்சொல் பல தம் அயன்மையாலேயே மாணவரை நிறுத்தி வைக்கின்றன. தமிழ்க் கலைச்சொற்களோ பெரும்பாலும் வழக்குச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டவை. தெரிந்த சொல் என்பதால் மாணவர் அங்கே நிற்பதில்லை. பிழையும் அங்கேதான் நேர்கிறது.

கரையோரச் சான்றுகள்

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள மீனவர் ஊராகிய தருவைகுளத்தைக் கருதுவோம். உப்பளங்கள் சூழ்ந்த இப்பகுதியில் 'உப்பு' என்பது வாரிக் குவிக்கும் ஒரு பொருள். வேதியியலிலோ அமிலமும் காரமும் வினைபுரிந்து தரும் சேர்மங்களின் பொதுப்பெயர். மீன் கூடையைத் தலையில் ஏந்தி அசையாது நிற்பது ஊர்வழக்கில் கடும் வேலை. இயற்பியலில் இடப்பெயர்ச்சி இன்மையால் வேலை சுழியம். இதனைத் தவறாக எழுதும் மாணவரைத் தமிழ் வாசிக்கத் தெரியாதவர் என்பது பொருந்தாது. சொல் துறைமாறியதை எவரும் அவருக்குக் காட்டவில்லை என்பதே உண்மை.

மறுதலையும் உண்டு. முத்துச்சிப்பி வாழும் கடலடிப் படுகையைக் குறிக்கும் 'பார்' என்னும் இக்கரைச் சொல், ஜேம்ஸ் ஹார்னெல் முதலியோர் எழுத்துவழி ஆங்கில ஆய்வுரைகளிலும் கலைச்சொல்லாக நிலைபெற்றது. பேச்சறிவு துறையறிவுக்குப் பகையன்று என்பதற்கு இது சான்று.

எழுத்துப் பயிற்சி

'குறிப்பு வரைக' என்னும் தேர்வு வினா, பாடநூல் தொடரைத் திருப்பி எழுதவே பெரிதும் பழக்குகிறது. மாறாக, 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனதை இரு குறிப்புகளாக எழுதச் செய்யலாம். வரலாற்றுக் குறிப்பு, ஆவணத்தை எழுதியவர் யார், அவர் யாருடைய வருவாயைக் கருதி எழுதினார் என வினவும். அறிவியல் குறிப்பு, சிப்பி குறைந்ததற்கான கருதுகோளையும் அதனை நிறுவும் அளவீட்டையும் கேட்கும். பொருள் ஒன்றாயினும் எழுத்து வேறாவதை மாணவர் தம் கைப்பட உணர்வர்.

முடிவுரை

இடர்ப்பாட்டுக்குத் தமிழ்வழியைக் காரணமாக்கி ஆங்கிலச் சொல்லுக்குத் தாவுவது தீர்வாகாது. பொருள் விளங்கும் சொல்லாக்கம் தமிழின் வலிமை. அச்சொல் எவ்விடத்தில் வழக்கிலிருந்து விலகுகிறது என்பதைக் காட்டுவது அந்தந்தப் பாட ஆசிரியரின் கடமை. ஆசிரியர் கல்வியியல் பாடத்திட்டம் இக்கடமையை வெளிப்படையாக ஏற்காதவரை, கடலறிந்த பிள்ளைகள் தேர்வுத்தாளில் அறியாதவராகவே மதிக்கப்படுவர்.