இரக்கத்தின் அளவுகோல்

எத்தியோப்பியத் தலைநகராகிய அடிஸ் அபாபாவில் 1974-இல் தம் கணவருடன் பிஸ்டுலா மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் கேத்தரின் ஹாம்லின் அம்மையார். ஜான் லிட்டில் என்பவரின் துணையுடன் அவர் எழுதிய தன்வரலாறு 2001-இல் வெளிவந்தது. ‘ஆற்றோர மருத்துவமனை’ என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூலை ஒரு மிஷனெரியின் வீர வரலாறாக மட்டும் வாசிப்போமாயின் அதன் சாரத்தை இழந்துவிடுவோம்.

பிரசவ வேதனை நாட்கணக்கில் நீடித்து, தக்க உதவி கிட்டாதபோது, குழந்தையின் தலை அழுத்துவதால் தாயின் உட்திசுக்கள் இரத்தவோட்டமின்றி அழிந்து துவாரம் உண்டாகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. தாய்க்கோ சிறுநீர் ஓயாது கசிகிறது. கணவனும் ஊராரும் ஒதுக்கிவிட, அவள் தனிமையில் வாடுகிறாள். மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க 1959-இல் வந்த ஹாம்லின் தம்பதியர் இவர்களைக் கண்டு, தம் வாழ்நாளையே இப்பணிக்கு ஈந்தனர்.

எனினும், தன்வரலாறாதலின் இந்நூலில் நோயாளிகளை மருத்துவரின் கண்கொண்டே காண்கிறோம். அறப்பணி நிறுவனங்கள் பலவற்றின் வேண்டுகோள்களிலும் இக்குறை உண்டு. அழுத முகமும் பின்னர் மலர்ந்த முகமும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. துவாரம் அடைக்கப்பட்ட பின்னரும் கசிவு நீங்காத பெண்களுக்கு அப்படங்களில் இடமில்லை.

ஆனால் அம்மருத்துவமனையின் பணி அதன் வரலாற்று நூலினும் விரிந்தது. நோயாளியாக வந்த மாமிட்டு காஷே, முறையான பள்ளிக் கல்வியின்றியே அறுவை சிகிச்சை கற்று, பிற மருத்துவர்களுக்கும் பயிற்சியளித்தார். முற்றும் குணமாகாதோர் தங்கி உழைத்து வாழ ‘தெஸ்தா மெந்தர்’ என்னும் குடியிருப்பு அமைக்கப்பட்டது. இக்காயம் நேராது தடுக்கும் நோக்குடன் 2007-இல் மருத்துவச்சியர் கல்லூரியும் தோன்றியது. பயன்பெற்றவள் பணியாளராதல், குணமாகாதவள் கைவிடப்படாமை, துயரின் காரணத்தையே களைதல் ஆகிய இம்மூன்றுமே அறப்பணியின் அளவுகோல் என்போம்.

பெரும்பாடுள்ள பெண்ணைச் சுகமாக்கியதோடு ஆண்டவர் நின்றுவிடவில்லை. தனக்கு நேர்ந்ததை அவளே கூட்டத்தின் நடுவே கூறக் கேட்டார். பின் அவளை மகளென்று அழைத்தார். நம் பிரசங்கங்களோ சுகத்தைப் பேசி, அவள் பேசியதை மறந்துவிடுகின்றன. சுகம் பெறாதவளும் மகளே என்பதை நம் சபைகள் கற்கவில்லையெனில், நம் காணிக்கை அவளைச் சென்றடையும். நம் ஐக்கியம் சென்றடையாது. குருமாணவர் இந்நூலை இக்கேள்வியோடு வாசிப்பது நலம்.