பேரைச் சேர்த்து வைத்தால் யாருக்குப் பாதுகாப்பு?

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் எதுக்குங்க பயம்?" விபிஎன், டோர் என்று பேச்செடுத்தாலே நம்மூரில் வரும் கேள்வி இது. அரசின் எண்ணமும் கிட்டத்தட்ட இதேதான். இதற்குக் கோவை மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதற்கு முன் உத்தரவு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், அவருக்குக் கொடுத்த ஐபி முகவரி, எதற்காகச் சேவையை வாங்குகிறார் என்ற காரணம் எல்லாவற்றையும் பதிந்துவைக்க வேண்டும். அவர் விலகிப் போனாலும் 5 ஆண்டுகள் அழிக்கக் கூடாது. கம்பெனிகள் தங்கள் அலுவலகத்துக்காக நடத்தும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆக, பீளமேட்டில் இருக்கும் கம்பெனி தன் ரகசியத்தைக் காத்துக்கொள்ளலாம். தனி ஆள்தான் பேரைக் கொடுக்க வேண்டும்.

நடந்தது என்ன? எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் விபிஎன், புரோட்டான் விபிஎன் என ஒவ்வொன்றாக இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. சேவை மட்டும் நிற்கவில்லை. எக்ஸ்பிரஸ் விபிஎன் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வர் வைத்துக்கொண்டே இந்திய ஐபி முகவரியைக் கொடுத்தது. டோருக்கோ வாடிக்கையாளர் பட்டியலே கிடையாது. தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் வழியாகத் தகவல் கைமாறும். முழுப் பாதையும் எந்தக் கணினிக்கும் தெரியாது. தப்புப் பண்ண நினைப்பவனுக்கு வழி திறந்தேதான் இருக்கு. ஒழுங்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர் பேர்தான் பதிவேட்டில் ஏறும்.

இனி பொள்ளாச்சிக்கு வருவோம். பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல் மீது 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி புகார் கொடுத்தார். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆனால் மாவட்டக் காவல்துறையின் உயர் அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் பேரைச் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பேர் இருந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது.

இங்கே யாரும் கணினிக்குள் புகுந்து திருடவில்லை. காக்க வேண்டியவர்களே வெளியே விட்டார்கள். ஒரு பேர் கசிந்தால் சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும் ஊர்களில், அடுத்த பெண் புகார் கொடுக்க வருவாளா? பின்னர் நடந்த விசாரணையில் பெண்களின் அடையாளம் ரகசியமாகக் காக்கப்பட்டது. சாட்சிகள் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. பேர் வெளியே தெரியாது என்ற உறுதி அந்தப் பெண்களுக்குத் துணையாக நின்றது.

"குற்றவாளிகளும் போலிக் கணக்கில் ஒளிகிறார்களே?" ஒளிகிறார்கள்தான். அதற்குச் சந்தேகத்துக்குரிய ஆளைப் பற்றி, நீதிமன்ற அனுமதியோடு விவரம் கேட்கலாம். எல்லோருடைய பேரையும் முன்கூட்டியே சேர்த்து வைப்பது வேறு சங்கதி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். அதில் அரசு கைவைத்தால், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. சந்தேகமே இல்லாதவர் விவரத்தை 5 ஆண்டு பூட்டிவைப்பது எந்த அளவில் சேர்த்தி?

அந்தப் பூட்டும் உறுதியில்லை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்தார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்கு இடம் தருகிறது.

பொள்ளாச்சி மாணவிக்கு இழப்பீடு வாங்கிக் கொடுக்க ஒரு நீதிமன்றம் இருந்தது. நாளைக்கு விபிஎன் பதிவேடு கசிந்தால் யார் பொறுப்பு, யார் இழப்பீடு தருவார்கள்? 2022 உத்தரவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதாதவர்களுக்கு நம் பேரைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?